கட்டளை வரியின் வால்

வெவ்வேறு கணினிகளில் இருக்கும் நிரல்கள் ஒன்றையொன்று கூப்பிட்டு வேலை வாங்கும் ஏற்பாடு எங்களுடையது. பதிலுக்கு எத்தனை வினாடி காத்திருக்கலாம் என்று அதைக் கிளப்பும் கட்டளை வரியிலேயே சொல்லிவிட வேண்டும். ஜீரோ என்று போட்டால் முடிவே இல்லாமல் காத்திருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் எல்லாம் அப்படியே உறைந்து நின்றது. வரியை எழுதியவள் என் பக்கத்து இருக்கைப் பெண்.

"நான் அஞ்சுன்னுதான் போட்டேண்ணா" என்றாள்.

எல்லார் முன்னாலும் அவளை வறுத்தெடுத்தேன். வரியை நானே புதிதாக எழுதிப் பெரிய மேதாவி மாதிரி உட்கார்ந்தேன். பிறகு அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

நேற்று பழைய கோப்புகளைக் கழிக்கும்போது அந்த வரி கிடைத்தது. அஞ்சு இருந்தது. திரையைத் தாண்டி நீண்ட அதன் வாலில், சோதனைக்காக நான் ஒட்டி எடுக்க மறந்த ஜீரோவும் இருந்தது. இரண்டு முறை சொன்னால் கடைசியாகச் சொன்னதுதான் செல்லும்.

போன் செய்தேன். "அது நான் போட்டதும்மா."

"தெரியும்ணா. அன்னிக்கே பார்த்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். அஞ்சு மாசம் பார்த்துட்டுதான் கிளம்பினேன்."