ஹஜ்ஜுக்கென்று சேர்த்த தங்கம்

சுபஹுத் தொழுகை முடிந்து வந்ததும் அஸீம் வேனைக் கழுவத் தொடங்கிவிடுவார். கண்டிப் பக்கம் அலவத்துகொடையில் அவருடைய சில்லறைக் கடைக்கு முன்னால் நெடுநாளாக நிற்கிறது அந்த வேன். கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று எழுதி ஒட்டியிருக்கிறார். வருகிறவர்கள் கதவைத் திறந்து பார்ப்பார்கள், டயரை உதைப்பார்கள், வாங்கின விலையில் பாதியைச் சொல்லிவிட்டு, கொடுத்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டுப் போவார்கள்.

அஸீம் விவரமில்லாத மனிதர் அல்ல. கலியாணம் முடித்த புதிதிலேயே அவரும் மனைவி மஸாஹிராவும் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். கடை வீட்டுச் செலவுக்கு. மிளகுத் தோட்டம் பிள்ளையின் கலியாணத்துக்கு. வருடா வருடம் கொஞ்சமாக வாங்கும் தங்கம் இருவரும் ஹஜ்ஜுக்குப் போக. மிளகு விலை விழுந்தால் இரண்டொரு மூடையைப் பிடித்து வைப்பார், ஏறினால் விற்பார். அந்த அளவு விளையாட்டோடு நிறுத்திக்கொள்வார். மகள் ஜஹானாவின் கலியாணம் அந்தத் தோட்டத்தை விற்று, ஒரு சதம் கடனில்லாமல் நடந்தது.

பிறகுதான் நாட்டில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். பழைய வாகனங்களின் விலை பைத்தியம் பிடித்ததுபோல் ஏறியது. ஒரு வேனை வாங்கி விற்று லாபம் கண்டிருந்த மஸாஹிராவின் தம்பி இல்ஹாம் வந்து கதிரையில் உட்கார்ந்தான்.

"மச்சான், தங்கம் அலுமாரிக்குள்ள சும்மா தூங்குது. அத வித்திட்டு ஒரு வேன் எடுங்க. ஆறு மாசத்தில வேன வித்து, ரெண்டு மடங்கு தங்கம் வாங்க ஏலும்."

ஒரு காப்பை விற்றுப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. மனிதர் அவ்வளவையும் விற்றார். நல்ல விலைக்குக் கேட்டு வந்தவர்களையும், இன்னும் ஏறும் என்று திருப்பி அனுப்பினார். கடைசியில் இறக்குமதியைத் திறந்தார்கள். வேன் விலை படுத்துவிட்டது. தங்கமோ எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

நேற்று கண்டியிலிருந்து ஹஜ் முகவர் பேசினார். இந்த வருடம் இருவருக்கும் இடம் கிடைத்திருக்கிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் காசு கட்ட வேண்டுமாம். மஸாஹிராவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அது ஒரு கண்ணைக் கொண்டுபோய்விட்டது. மற்றதும் அடுத்த ஹஜ் வரை தாங்காது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். பார்வை இருக்கும்போதே கஃபாவைக் கண்டுவிட வேண்டும் என்பதுதான் அந்தப் பெண்ணின் துஆவெல்லாம்.

பாதி விலைக்கே வேனைக் கொடுக்க இன்று அஸீம் துணிந்துவிட்டார். ஆனால் அந்தக் காசு ஒருவர் போவதற்கே காணாது. இல்ஹாமும் வந்திருந்தான், வெட்கமில்லாமல் இன்னொரு யோசனையோடு.

"போனது போகட்டும் மச்சான். இப்ப தங்கம்தான் ஏறுது. வேன் வித்த சல்லிக்கு முழுக்கத் தங்கம் எடுங்க. அடுத்த வருசம் ரெண்டு பேரும் ஜோரா போகலாம்."

அஸீமின் தலை தானாகவே ஆடியது. பாவம், இத்தனை பட்டும் ஆடியது. சுவரைத் தடவிக்கொண்டு மஸாஹிரா வெளியே வந்தார்.

"திரும்பவுமா? நிலவரத்தப் பாத்து கொஞ்சத்த அங்க இங்க மாத்தினா நான் ஒண்டும் சொல்லல்ல. ஒரு தேவைக்கெண்டு வச்ச காச, ஊர்ல எது ஏறுதோ அதுக்குப் பின்னால ஓட விடப்படாது. நீங்க விலையப் பாத்தீங்க. எதுக்காகச் சேத்தோமெண்டு பாக்கல்ல."

"அடுத்த வருசம் எப்பிடியாச்சும் கூட்டிட்டுப் போறேன், மஸாஹிரா."

"கூட்டிட்டுப் போவீங்க. தங்கமும் ஏறி இரிக்கும், நீங்களும் இரிப்பீங்க. என்ட கண்ணு இரிக்காது."