ஏழில் தொடங்கும் களஞ்சியம்

I

இது நான் ஒட்டுக்கேட்ட கதை. இங்கிலாந்தின் சஃபோக்கில் குடியேறி இருபத்திரண்டு வருடமாகிறது. பக்கத்துப் பண்ணைக்கு முட்டை வாங்கப் போனபோது இரண்டு பேர் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாதி கேட்டது, மீதி நான் கட்டியது. எங்கே ஒட்டுப்போட்டேன் என்று கேட்காதீர்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அந்தப் பண்ணைவீட்டுக்கு நானூற்றைம்பது வயது. அதன் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புச் சுவர்கள்’ (நிறுத்திவிட்டேன். வீட்டுத் தரகர் எழுதியதுபோல இருந்தது.)

பிறகு: ‘எடித் காட்டர்மோல் தனியாக இருக்கப் பயந்தாள்.’ (உண்மைதான். ஆனால் அவள் காதுக்கு எட்டினால் எனக்கு முட்டை கிடைக்காது.)

II

எடித்துக்கு அறுபத்தெட்டு வயது, தம்பி வில்ஃபுக்கு அறுபத்தைந்து. இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் அப்பா சாகும்போது வீட்டை மகளுக்கு எழுதினார். முற்றத்துக்கு எதிரே இருக்கும் களஞ்சியம், குதிரை லாயம், எலி ஏறாதபடி காளான் மாதிரியான கற்களின்மேல் நிற்கும் தானிய அறை எல்லாம் மகனுக்கு. அன்றிலிருந்து வில்ஃப் தான் பிறந்த வீட்டில் விருந்தாளி. “சர்க்கரை எடுத்துக்கலாமா எடி?” என்று இன்றைக்கும் கேட்பான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது களஞ்சியத்தை விற்றுவிட்டுக் கடலோரத்தில் ஒரு சின்ன வீட்டுக்குப் போகிறேன் என்கிறான். வெள்ளிக்கிழமை கையெழுத்து.

‘போகாதே’ என்று சொன்னால் போதும். எடித்துக்கு அது வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக, பழைய கட்டடங்களைச் சீர்செய்யும் தச்சர் நெல் தர்லோவை* வரவழைத்தாள். ரொம்பப் பழையது, விற்கக் கூடாது என்று நெல் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்பது அவள் கணக்கு.

(*பெயரே அதுதான். களஞ்சியத்துக்குள் நெல்லை அனுப்பியது என் குறும்பு அல்ல.)

IIII

(மூன்றைத் தேடாதீர்கள். அதில் வில்ஃபுக்கு ஒரு காதலி வைத்திருந்தேன்; கதை மொத்தமும் அவள் பக்கம் சாய்ந்தது, அறுத்துவிட்டேன். தூண்களுக்கு வரிசை எண் போடும்போது நான்கை இப்படி நான்கு கோடாக வெட்டுவது அந்தக் காலத்துத் தச்சர் வழக்கம். மரத்தைத் தலைகீழாகப் புரட்டினாலும் ஆறோடு (VI) குழப்பம் வராது.)

நெல் முதலில் வீட்டுத் தூண்களைத் தடவிப் பார்த்துவிட்டு, களஞ்சியத்தில் ஏணி போட்டு ஏறினாள். அக்காவும் தம்பியும் கீழே நின்றார்கள்.

“மிஸ் காட்டர்மோல், இங்க கூரைக் கைமரம் பூரா கரி. களஞ்சியத்துல யாராச்சும் அடுப்பு மூட்டுவாங்களா?”

“வில்ஃப் பைப் குடிப்பான்.”

“இது நூறு வருஷப் புகைங்க. நடுக்கூடத்துல தீ மூட்டி, சுத்தி உக்காந்து சாப்பிட்ட வீட்டுப் புகை. உங்க வீட்டுத் தூண்ல ஆறு வரைக்கும் நம்பர் வெட்டியிருக்கு. இங்க ஏழுல ஆரம்பிக்குது. ரெண்டும் ஒரே வீடு. பாதியப் பிரிச்சுக் கொண்டாந்து முற்றத்துக்கு இந்தப் பக்கம் நட்டுட்டாங்க.”

வில்ஃப் ஏழாம் தூணில் உள்ளங்கையை வைத்தான். “அப்போ அப்பா எனக்குக் குடுத்ததும் வீடுதான்.”

இந்த இடத்தில் கதையை முடித்துப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. எடித் விடவில்லை.

“அவருக்கு என்னடா தெரியும்? ஓக் மரத்துக்கும் துடைப்பக்கட்டைக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன். உனக்குக் கொட்டகைன்னு நெனச்சுத்தான் குடுத்தாரு.”

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. பொய் சொல்லித் தேற்ற அவளுக்குத் தெரியாது என்று புரிந்தபோது பிரியமாகிவிட்டது. வில்ஃபோ வயிறு குலுங்கச் சிரித்தான். அப்பா செய்தது அநியாயம் என்று அந்த வீட்டில் யாரும் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

“சரி, விக்கலாமா கூடாதா?” என்றாள் எடித்.

“தாராளமா விக்கலாம். கதவு ஜன்னல மாத்தணும்னாதான் அனுமதி கேக்கணும்” என்றாள் நெல்.

V

வெள்ளிக்கிழமை. சமையலறை மேசையில் தரகர் அனுப்பிய தாள், பேனா, இரண்டு கோப்பை.

முடிவு ஒன்று: வில்ஃப் தாளைச் சுக்குநூறாகக் கிழிக்கிறான். (சினிமா.)

முடிவு இரண்டு: கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறான். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வருகிறது. (நடக்கக்கூடியது. அதனால்தான் கை வரவில்லை.)

நான் கேட்டது இவ்வளவுதான்:

“எல்லாரும் சொல்லிட்டாங்க எடி. தரகர் சொன்னாரு, நெல் சொன்னா. நீ ஒண்ணும் சொல்லலியே.”

“சொன்னா இருப்பியா?”

“சொல்லித்தான் பாரேன்.”

பேனாவின் மூடியை அவன் இன்னும் கழற்றவில்லை. அடுத்து அவள் சொன்னதை எட்டு விதமாக எழுதிப் பார்த்தேன். எட்டும் எழுத்தாளன் பேச்சாகவே இருந்தது. உங்களுக்கும் யாரிடமாவது சொல்லாமல் வைத்திருக்கும் ஒன்று இருந்தால், அதைக் கொடுங்கள், இங்கே பொருந்தும். சுருக்கமாக இருக்கட்டும், அவளுக்குக் கூச்சம் அதிகம்.

“.................................” என்றாள் எடித்.