மலைக்கு அந்தப் பக்கம்

எண்பத்தேழாம் வருஷம் செப்டம்பரில் ஜெயம்மாளுக்குப் பயிற்சி தொடங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிவிடாதபடி ஏழைக் குடும்பங்களுக்குத் துணை நிற்க, கள்ளக்குறிச்சியில் ஒரு தொண்டு நிறுவனம் இருபது பெண்களைப் பழக்கிக்கொண்டிருந்தது. வாரமெல்லாம் பாடம். சனிக்கிழமை மட்டும் ஆளுக்கொரு வீடு. ஜெயம்மாளுக்கு விழுந்தது கல்வராயன் மலைமேல் ரங்கம்மாள் வீடு.

"மணலூர்பேட்டைக்காரி மேடே பாக்காதவ. நல்லா மூச்சு வாங்கட்டும்" என்று கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ரங்கம்மாள் புருஷனை இழந்தவள். மூத்தவள் பச்சையம்மாளுக்குப் பத்து வயது. பெங்களூரில் ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ள அவளைக் கேட்டு, ஏஜெண்டு ஒருவன் இரண்டு தடவை வந்து போயிருந்தான்.

"அடுத்த சனிக்கிழமை ஆஸ்டல்ல எடம் வாங்கிகினு வரேங்க்கா. அதுவரைக்கும் அனுப்பாதீங்க" என்றாள் ஜெயம்மாள்.

"சனிக்கிழமை வரைக்கும்னா சரிம்மா. அதுக்கு மேல நான் எங்க போவேன் சோத்துக்கு?"

பச்சையம்மாள் மெதுவாகக் கேட்டாள். "அங்க போர்வ குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

"எனக்கே எனக்கா? இல்ல, சேத்துப் போத்திக்கணுமா?"

"உனக்கே உனக்குத்தான்டி."

புதன்கிழமை ஆஸ்டலில் இடம் கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. புளிய மரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். ஜெயம்மாளின் தம்பி வீரமுத்துவும் கோடாலியோடு போனவன்தான். ஒரு பஸ்ஸும் அசையவில்லை.

நடந்து போகலாமா என்று அவள் யோசிக்காமல் இல்லை. ஒரு நாள் முழுக்க நடந்தால் மலை ஏறிவிடலாம். பயிற்சி நடத்திய அருள்மொழி டீச்சர், "இந்தக் கலவரத்துல ஒருத்தரும் வெளியே போகக் கூடாது" என்றார். ஜெயம்மாளுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

"பஸ்ஸு ஓடலன்னா ஏஜெண்டு மட்டும் இன்னா, பறந்தா போவான்? மரம் வெட்டனவங்க நம்ம பச்சையம்மாளுக்குக் காவல் போட்டுட்டாங்க டீச்சர்!" என்றாள்.

டீச்சரே சிரித்துவிட்டார். அந்தச் சனிக்கிழமை வகுப்பில் வீட்டுச் சந்திப்பை நடித்துப் பார்த்தார்கள். ஜெயம்மாள் ஏஜெண்டாக நடித்தாள். தோளில் துண்டைப் போட்டு அவள் குழைந்த குழைவில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

மறியல் ஓய்ந்து, மறு சனிக்கிழமை பஸ்ஸில் மலை ஏறினாள். ரங்கம்மாள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பச்சையம்மா எங்கக்கா?"

"போன ஞாயித்துக்கெழம அனுப்பிட்டேன்."

"பஸ்ஸே ஓடலியேக்கா!"

"பஸ்ஸு எதுக்கும்மா? கருமந்துறை பக்கமா நடந்து எறங்கிட்டாங்க. எங்க சனங்களுக்கு எப்பவும் அந்த வழிதான?"

முறம் நிற்கவில்லை. உமி காற்றில் போய்க்கொண்டிருந்தது. மலைக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தாள் ஜெயம்மாள். அழுகை வரும் என்று நின்றாள். வரவில்லை. பாடத்தில் சொன்னபடி கேள்விகள்தான் வாயில் வந்தன.

"அட்ரஸ் குடுத்தானா?"

"இல்ல."

"அவன் பேரு?"

"அண்ணேன்னுதான் கூப்பிட்டோம்." ரங்கம்மாள் சாமையில் கிடந்த கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "சனிக்கிழமை பொழுது சாயற மட்டும் பாத்தேன்மா. நீ வரல."

குரலில் கோபம் இருந்திருந்தால் தேவலை. பச்சையம்மாள் பெயர் எழுதிய ஆஸ்டல் கடிதத்தை எடுத்து ஜெயம்மாள் நீட்டினாள். ஏன் நீட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ரங்கம்மாள் அதை வாங்கி, இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது சின்னவளுக்கு ஆவுமா?"

சின்னவளுக்கு ஆறு வயது. கதவோரம் நின்று ஜெயம்மாளின் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுட்டு வரேங்க்கா" என்றாள் ஜெயம்மாள்.

ரங்கம்மாள் தலையாட்டினாள். எப்போது வருவாய் என்று கேட்கவில்லை.