ஐந்து முறை வெட்டிய வரி

குலசேகரம் இறந்து இருபத்தாறு நாளாகியிருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்கள் கையில் ஒரு நினைவு மலர் கொடுப்பது எங்கள் வழக்கம். அச்சகக்காரர் மாதிரியை அனுப்பிவிட்டார்: அட்டையில் படம், மேலே ‘சிவபதப்பேறு’, உள்ளே தேவாரம். யார் செத்தாலும் அதே மலர்தான், படம்தான் மாறும்.

மனிதர் கேட்டிருந்தது வேறு. ரயில்வே வேலை முடிந்து மாலை வகுப்பில் லத்தீன் படித்து, இரண்டாயிரம் வருடப் பழைய பாட்டொன்றைப் பதினொரு வருடமாகத் தமிழில் எழுதியவர் அவர். உலகம் கண்ணுக்குத் தெரியாத விதைகள் கூடி ஆனது, அவை பிரிந்தால் முடிந்தது, செத்தவருக்கு நோவுமில்லை பயமுமில்லை என்கிற பாட்டு. “தேவாரத்துக்குப் பதிலா இதில ஒரு பக்கம் போடு” என்று ஆஸ்பத்திரியில் மனைவியிடம் சொன்னார். வசந்தமலரும் ஓம் என்று சம்மதித்துவிட்டாள்.

இப்போது அவளுக்கு மனம் வரவில்லை. போட்டால், இனி எந்த உலகத்திலும் அவரைக் காணமாட்டேன் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அவளை எப்படிக் குறை சொல்வது?

புலம்பெயர்ந்து வந்த தோர்ண்டன் ஹீத் வீட்டுக் குசினியில், அடுப்பருகே அவரின் தமக்கை கனகவல்லி இருந்தாள்.

“விசரே வசந்தி? தேவாரம் இல்லாமல் குடுத்தால் சனம் என்ன சொல்லும்?”

“சனம் சோத்துக்கு வருது மச்சாள். எனக்குப் பயம் அதில்லை.”

எதற்கும் பார்ப்போமென்று வசந்தமலர் அவர் பாட்டை எழுதிவைத்திருந்த கொப்பியைத் திறந்தாள். சாவைப் பற்றிய பக்கத்தில் எல்லா வரியும் துப்புரவாக இருந்தது, ஒன்றைத் தவிர. ‘இனி உன் மனைவி வாசலுக்கு ஓடி வரமாட்டாள்’ என்று எழுதி வெட்டியிருந்தார். வேறு விதமாக எழுதி மறுபடி வெட்டியிருந்தார். ஐந்து முறை. பிறகு அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருந்தார்.

வேலையால் வரும்போது அவர் மணி அடிக்குமுன் கதவைத் திறப்பவள் அவள்தான். அவ்வளவையும் நம்பிய மனிதருக்கு இந்த ஒரு வரியைத் தமிழில் சொல்ல முடியவில்லை. வசந்தமலர் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அச்சகத்துக்குப் போன் எடுத்தாள்.

“தம்பி, தேவாரத்தை எடுங்கோ. ஒரு பக்கம் அனுப்பிறன். நடுவில ஒரு வரி இல்லை, அப்பிடியே விடுங்கோ. சிவபதமும் வேண்டாம்.”

“அட்டையில மேல வெறுமையாக் கிடக்குமே அக்கா?”

“கிடக்கட்டும். மனுசன் இல்லைத்தானே.”

கனகவல்லி கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெட்டிய கோட்டுக்கு அடியில் தம்பி எழுதியிருந்ததை எழுத்தெழுத்தாக வாசித்தாள்.