காருக்கு அடியில் செண்பகம்

காரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஏறினால் வாந்தி வரும். அப்படிப்பட்ட என்னைத்தான் கும்மிடிப்பூண்டிப் பள்ளியில் சாரணியர் தலைவியாக்கி வைத்திருந்தார்கள். கல்கத்தா ரோட்டில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் தானியேல், "உங்க பொண்ணுங்களுக்கு வண்டி வேலை கத்துத் தரேன் மிஸ்" என்றதும் ஒப்புக்கொண்டவளும் நான்தான். இது 1974-இல்.

மூன்றாவது சனிக்கிழமை, ஆயில் மாற்றும் பாடம். பழைய அம்பாசடரின் முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கியிருந்தார். தரை பின்பக்கமாகச் சரிந்திருந்தது.

"ஹேண்ட் பிரேக் செத்துப்போச்சி. மேரி, நீ பின்சக்கரத்துக்குப் பின்னால இந்தக் கட்டைய அழுத்திப் புடிச்சிக்கினு குந்து. நான் போய் பெரிய கட்டை ரெண்டு எடுத்தாறேன். அத்த முட்டு குட்த்தப்புறம்தான் யாரும் அடியில பூரணும், தெரிதா?"

பன்னிரண்டு தலைகளும் ஆடின. அவர் ஷெட்டுக்குப் பின்னால் போனார்.

மூக்கில் கிரீஸ் பூசி விளையாடிய இருவரை அதட்டிவிட்டுத் திரும்பினேன். காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. செண்பகம். எளாவூர் செக்போஸ்டில் லாரி கழுவுகிறவர் மகள். நட்டைப் பார்த்தால் கை சும்மா இருக்காது அவளுக்கு.

பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். பயத்தில் விசிலை ஊதிவிட்டேன்.

விசில் கேட்டால், பத்து எண்ணுவதற்குள், கையில் இருப்பதோடு ஓடிவந்து குதிரை லாட வடிவில் நிற்க வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். பூண்டி முகாமில் ஒருத்தி சாம்பார்க் கரண்டியோடு ஓடிவந்தபோது எல்லோரையும் கைதட்டச் சொன்னவள் நான்.

பதினொரு பேர் வந்து நின்றார்கள். ஒருத்தி கையில் ஸ்பானர், ஒருத்தி கையில் கிரீஸ் டப்பா. மேரி கட்டையை மார்போடு அணைத்தபடி விறைப்பாக நின்றாள்.

கார் முனகியது. ஒரு விரல்கடை பின்னால் நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்தது.

"மிஸ், ஸ்கார்ஃப் எதிலியோ மாட்டிக்கிச்சி," என்றது அடியிலிருந்து ஒரு குரல்.

கத்த வாய் திறந்தேன், காற்றுதான் வந்தது. ஓடிப்போய் டிக்கியில் முதுகைக் கொடுத்து, குதிகாலை மண்ணில் ஊன்றினேன். நாற்பத்தெட்டு கிலோ தமிழாசிரியை ஓர் அம்பாசடரை நிறுத்தப் பார்த்தாள். அது இன்னொரு விரல்கடை வந்தது. பெண்கள் அசையவில்லை. கலையச் சொல்லாமல் கலையக் கூடாது என்பதும் என் சட்டம்தான். பெருமாளே, இவளை மட்டும் விட்டுவிடு, என்னை எடுத்துக்கொள் என்று வேண்டினேன். சொன்னதும் அதற்கும் பயமாக இருந்தது.

மேரி கையிலிருந்த கட்டையைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். வரிசையை உடைத்துக்கொண்டு ஓடிவந்து சக்கரத்துக்குப் பின்னால் கட்டையைச் செருகி, அதன்மேல் ஏறியே உட்கார்ந்துவிட்டாள். கார் நின்றது.

தோளில் கட்டைகளோடு தானியேல் திரும்பி வந்தார்.

"இன்னா மிஸ், வண்டில முதுகு சொறிஞ்சிக்கினு கீறீங்க?"

பிறகுதான் கால்களைப் பார்த்தார். கட்டைகளை முன்பக்கம் தள்ளி முட்டுக் கொடுத்தார், கையை விட்டு ஸ்கார்ஃபை அறுத்தார், செண்பகத்தை இழுத்து வெளியே போட்டார்.

மேரி எழுந்து என் எதிரே நின்றாள். "சாரி மிஸ். கேக்காம கலைஞ்சிட்டேன்."

"நீ செஞ்சதுதான் சரி. நான் ஊதினதுதான் தப்பு," என்றேன் எல்லோருக்கும் கேட்கும்படி. "இங்க இனிமே விசில் கிடையாது. கட்டைல கை வெச்சவ, நானே கூப்பிட்டாலும் எடுக்கக் கூடாது."

செண்பகம் கழுத்தைத் தடவிக்கொண்டு, "நட்டு பாதிதான் கழண்டுது மிஸ். இப்ப முட்டு குட்த்தாச்சில்ல, போவட்டா?" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். சொன்னால் இனி பன்னிரண்டு பேரில் ஒருத்திகூட அடியில் போகமாட்டாள். தானியேலைப் பார்த்தேன். கட்டைகளை ஒருமுறை உதைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

புடவையை வரிந்து செருகிக்கொண்டு, டார்ச்சோடு அவள் பக்கத்தில் நானும் படுத்து உள்ளே நகர்ந்தேன். மூக்குக்கு ஒரு சாண் மேலே அத்தனை இரும்பும் தொங்கியது.

"லைட்ட நேரா புடிங்க மிஸ்," என்றாள் செண்பகம். "ரொம்ப ஆடுது."