மீன் வரப்போகும் தண்ணீர்

செந்நிற ஒளிப்பொட்டு ஒன்று என்னை நோக்கி வருகிறது, கணினித் திரையில் கொதிக்கும் தீக்குழம்புக் குளத்தின் மேலே, அவசரமே இல்லாமல், விலகிக்கொள்ள நேரம் இருக்கிறது, ஆனாலும் நிற்கிறேன், ஏனெனில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன், வாக்கியத்தைப் பாதியில் விட்டு ஓடும் பழக்கம் முப்பத்தாறு ஆண்டுக் கரும்பலகை வாழ்க்கையில் எனக்கு வந்ததில்லை, ராக்கெட் வெடிக்கிறது, சிதறுகிறேன், மறுநொடி வேறொரு மூலையில் புதிதாய்ப் பிறக்கிறேன், கையில் அதே சின்னத் துப்பாக்கி, காதில் அடைக்கலத்தின் குரல், யாருவே வாத்தியாரச் சுட்டது, தலைக்கு மேல பேச்சுக்குறி நிக்கி, எழுதுத ஆளச் சுடப்பிடாதுன்னு தெரியாதா. அது என் முதல் ஞாயிறு, அடைக்கலம் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், தன் வீட்டுக் கணினியையே சர்வராக்கி, ஞாயிறு மாலை நான்கு மணிக்கு எங்களைத் திரட்டி அந்தப் பழைய சுடும் விளையாட்டை ஆடவைப்பவர், பன்னிரண்டு பேராக இருந்தோம், பிறகு பத்து, பிறகு ஏழு, ஏழு பேருக்கு இந்தக் களம் பெருசுவே, மாசம் முடியதுக்குள்ள எட்டாவது ஆள் நிலைக்கலன்னா நிறுத்திருவேன் என்று அவர் சொன்ன அன்றுதான் ஜெசிந்தா டீச்சரை அழைத்து வந்தேன்.

என் பள்ளியில் கணக்கு நடத்தியவர், ஆசிரியர் அறைக் கேரம் பலகையில் யாரையும் வாழவிடாதவர், முதல் நாளே பத்தொன்பது முறை செத்தார், என்ன சார், கேரம்ல தோத்ததுக்கெல்லாம் சேத்துப் பழிவாங்குதீங்களா என்றார். நான் நிதானமாக எழுதினேன், டீச்சர், இங்கே பணிமூப்பு இல்லை, பத்தாண்டு ஆடியவரும் இன்று வந்தவரும் ஒரே சின்னத் துப்பாக்கியோடுதான் பிறக்கிறோம், பெரிய ஆயுதங்கள் களத்தில் கிடக்கின்றன, முந்தியவருக்கு அவை, இதைவிட நேர்மையான இடத்தை நான் கண்டதில்லை. பிறகு ஒரு கதையும் எழுதினேன், ஒரு மீன்கொத்தி மீனைக் கண்ட இடத்திலேயே பாய்ந்து வெறும் தண்ணீரைக் கொத்திக்கொண்டிருந்தது, கரையிலிருந்த தவளை சிரித்தது, நீ பார்த்த மீன் இப்போது அங்கே இல்லை, மீன் வரப்போகும் தண்ணீரைக் கொத்து என்றது. நீங்க தவளைய முடிக்கதுக்குள்ள நான் மூணு தடவ செத்துட்டேன் சார் என்றார், ஆனால் களத்தில் கிடக்கும் கவசத்தை ஒருவர் எடுத்தால் இருபத்தைந்தாம் வினாடியில் அது மீண்டும் முளைப்பதை யாரும் சொல்லாமலே கண்டுகொண்டார், இருபத்திமூணு, இருபத்திநாலு என்று முணுமுணுப்பது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது, அந்த முணுமுணுப்பில் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

மாதத்தின் கடைசி ஞாயிறு இன்றுதான், இன்னைக்கும் ஒருத்தரயும் விழத்தட்டலன்னா இனிம வரமாட்டேன், கேரமே போதும் என்று டீச்சர் அறிவித்துவிட்டார், ஆட்டம் முடிய ஒரு நிமிடம், அவர் கணக்கில் சுழி. அடைக்கலம் எனக்கு மட்டும் தனிச்செய்தி அனுப்புகிறார், சும்மா போய் டீச்சர் முன்னால நில்லும்வே, ஒரு அடி வாங்குனா கொறஞ்சா போயிருவீரு. மாட்டேன், இலவச மதிப்பெண்ணை நான் யாருக்கும் போட்டதில்லை, டீச்சரும் போட்டதில்லை, போட்டால் கண்டுபிடித்துவிடுவார். அந்த மறுப்பை அடைக்கலத்துக்கு ஒழுங்காக எழுதியாக வேண்டுமே, குளத்தின் கரையில் நின்று எழுதுகிறேன், என் தலைக்கு மேல் பேச்சுக்குறி, நிமிர்ந்தால் எதிர்க்கரையில் டீச்சர், கையில் ராக்கெட், என் நெஞ்சுக்கு நேரே. சுடவில்லை. காத்திருக்கிறார். முப்பது வினாடிதான் இருக்கு, சுடும்மா, விதியாவது ஒண்ணாவது என்று சட்டம் இயற்றிய அடைக்கலமே அலறுகிறார், எழுதுத ஆளச் சுடப்பிடாதுன்னு நீங்கதான சொன்னீங்க, அவரு முடிக்கட்டும் என்கிறார் டீச்சர்.

முடித்தேன். குறி அணைந்தது. ஓடினேன், மெய்யாகவே ஓடினேன், எனக்குத் தெரிந்த வளைவும் நெளிவும் எல்லாம் காட்டி, பாலத்தை நோக்கி, அவர் என்னைப் பார்க்கவே இல்லை, ஆளில்லாத பாலத்தின் முனையைப் பார்த்தார், தவளைய எதுக்கு சார் இழுத்தீங்க, காய் எங்க போவும்னு பாத்து அடின்னு சொல்லிருந்தா அன்னைக்கே புரிஞ்சிருக்கும், குரல் காதில் இருக்கும்போதே செந்நிற ஒளிப்பொட்டு ஒன்று வருகிறது, தீக்குழம்பின் மேலே, அவசரமே இல்லாமல், என்னை நோக்கி அல்ல, நான் போகப்போகும் இடத்தை நோக்கி, நானும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறேன், அடுத்த ஞாயிறும் நாலு மணிதான என்று டீச்சர் கேட்கிறார்.