பக்கத்து மணியில் ஒட்டிய அணு

...பாறை வெடியாகத்தான் இருக்கும், ஒரே சத்தம்தானே, பட்டாசுக் கம்பெனியில் என்றால் அடுத்தடுத்துக் கேட்குமே, ஜன்னல் கம்பி ஒருதரம் அதிர்ந்து நின்றுவிட்டது, ஆனால் போன வருஷம் விஸ்வநத்தம் விபத்தில் முதலில் ஒரு சத்தம்தானே கேட்டது... சினேகா செல்போனை இறுகப் பிடித்துக்கொண்டாள். திரையில் மூன்று முகங்கள். ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்காணல், நடுவிலிருந்த கண்ணாடிக்கார அம்மாள் கேள்வியை முடித்துவிட்டுக் காத்திருந்தார். என்ன கேட்டார்? காற்றில்லாத நிலாவைச் சூரியக் காற்று என்ன செய்யும், அதுதான். எழுந்து ஓடிவிடலாமா? கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அம்மாவைக் கூப்பிட்டும் பயனில்லை, வீட்டில் இருப்பதே இந்த ஒரு போன், துண்டித்தால் படிப்பும் போச்சு. துண்டிக்காவிட்டால்? சீசன் நேரம், அம்மா திரி வைக்கிற அறைக்கு அடுத்ததுதான் மருந்து கலக்கும் அறை... சொல்லு, சொல்லிவிடு, சூரியனிலிருந்து வரும் துகள்கள், பெரும்பாலும் புரோட்டான்கள், தடுக்கக் காற்று மண்டலம் இல்லாததால் நேரே தரையில் மோதும், மோதிய வேகத்தில் தரையின் அணுக்கள் சில பிய்த்துக்கொண்டு தெறிக்கும். தெறிக்கும் என்றதும் கண் ஜன்னலுக்குப் போனது. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிறதா? இல்லை, பால் வண்டி. கண்ணாடிக்கார அம்மாள் விடவில்லை. ஆய்வகத்தில் வழவழப்பான தகட்டில் அளந்தால் நிறைய அணுக்கள் தெறிக்கின்றன, நிலாவில் அவ்வளவு இல்லையே, ஏன்? ஏன்... தகடு வழவழப்பு, நிலாவின் மண் அப்படியா, பொலபொலவென்று துளையும் பொந்துமாகக் கிடக்கிறதே, ஒரு மண்மணியிலிருந்து தெறித்த அணு பக்கத்து மணியில் போய் ஒட்டிக்கொண்டால்? ஆமாம், ஒட்டிக்கொள்ளும், வழி கிடைத்தது மட்டும் மேலே வரும், அதிலும் வேகம் குறைந்தவை திரும்ப விழும், வேகம் உள்ளவை நிலாவை விட்டே போய்விடும். அந்த அம்மாள் முன்னால் சாய்ந்தார், ஹீலியம் மோதினால் என்றார், கனமானது, எண்ணிக்கையில் குறைவென்றாலும் ஒவ்வொரு மோதலிலும் அதிகம் பெயர்க்கும் என்றாள் சினேகா, கைகளை ஆட்டி ஆட்டிப் பேசினாள், சிரித்தாள்கூட.

முடிந்ததும் துள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். தெருவே ரோட்டில் நின்றது. "அத்தை, நல்லாச் சொல்லிட்டேன்!" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லத்தாயிடம். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ஏட்டி, சத்தங் கேக்கலியா ஒனக்கு? ஊரே உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கோம். ஆனைக்குட்டத்துப் பக்கம் பாறைக்கு வெடி வச்சாகளாம், இப்பத்தான் தாக்கல் வந்துச்சு." சினேகா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து அம்மா சண்முகத்தாய் இறங்கினாள், புறங்கையெல்லாம் அலுமினியப் பொடி. நேர்காணலைப் பற்றிக் கேட்கவில்லை. "சத்தங் கேட்டுப் பயந்துட்டியா தாயி?" என்றாள். "அதுலேருந்து ஒன் நெனப்புத்தாம்மா," என்றாள் சினேகா. சண்முகத்தாய் சிரித்துக்கொண்டே கை கழுவப் போனாள்... பொய் இல்லையே, நினைத்தேனே, முதல் கேள்வி வரைக்கும் நினைத்தேன், பால் வண்டி போனபோதும் நினைத்தேன், அப்புறம்? அப்புறம் எந்த இடத்தில் அம்மா இல்லாமல் போனாள், அவ்வளவு சந்தோஷமாக...